17ஆவது வாரமும் 30 ஆண்டுக் கடனும்: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இது எங்கள் வீட்டில் நடந்தது. மகளுக்கு 17 வாரம் ஆனபோது தொடங்கி, 11 மாதம் ஆனபோது ஒருவழியாக ஓய்ந்தது. இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ஒன்று, அவளுடைய தூக்கம் திடீரென்று குலைந்துபோனது. இன்னொன்று, எங்கள் வீட்டுக் கடனின் நிலையான வட்டிக் காலம் முடியப்போகிறது, அடுத்து என்ன என்று சொல்ல 5 வாரம் இருக்கிறது என்று கடிதம் வந்தது. தனித்தனியாக வந்திருந்தால் இரண்டுமே சமாளிக்கக்கூடியவைதான். தூக்கமில்லாத தலையோடு கடனைத் தீர்மானிக்கப் போனதில்தான் கோளாறு.

நோட்டில் இருப்பது

மகள் பிறந்த வாரத்திலிருந்து என் மனைவி ஒரு கோடு போட்ட நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வந்தாள். நேரம், பால், டயப்பர், தூக்கம், யார் எழுந்தது என்று ஐந்து பத்தி. கடைசிப் பத்தி சண்டை வராமல் இருப்பதற்காகப் போட்டது. பெரும்பாலும் சண்டைக்கு ஆதாரமாகத்தான் பயன்பட்டது.

12ஆவது வாரத்துப் பக்கங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். இரவு 9:30க்குப் படுத்தால் 2:30 வரை ஒரே தூக்கம். பால் குடித்துவிட்டு மறுபடி 5:45 வரை. பார்த்தவர்கள் எல்லாரும் ‘சமர்த்துக் குழந்தை’ என்றார்கள். நாங்களும் அது ஏதோ எங்கள் வளர்ப்புத் திறமை என்று உள்ளுக்குள் நம்பினோம்.

17ஆவது வாரம், செவ்வாய்க்கிழமை: 9:15க்குப் படுக்கை. அதற்குக் கீழே 10:20, 11:30, 12:35, 1:50, 3:00, 4:05, 5:10. ஏழு முறை. 3:00 என்ற எண்ணுக்குப் பிறகு எழுத்து என்னுடையது, படிக்கவே முடியவில்லை. மறுநாள் ஆறு முறை, அதற்கடுத்த நாள் எட்டு. அந்த வாரம்தான் அவள் குப்புறப் புரளவும் ஆரம்பித்தாள். துணியில் சுற்றிப் படுக்கவைப்பதை அன்றே நிறுத்த வேண்டியதாயிற்று. புரளத் தொடங்கும் குழந்தையைச் சுற்றி வைப்பது ஆபத்து. ஆக, அவளைத் தூங்கவைக்க எங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதமும் போனது.

முதல் பத்து நாள் நாங்கள் செய்தது எல்லாமே தப்பு. களைத்துப்போனால் அசந்து தூங்குவாள் என்று இரவு 10:30 வரை விழிக்கவைத்தோம். இன்னும் மோசமானது. அனுபவசாலி உறவினர் ஒருவர், “பால்ல கொஞ்சம் கெட்டியா ஏதாவது கரைச்சுக் குடுங்க, காலை வரைக்கும் அசையாது” என்றார். நல்லவேளை, அதைச் செய்வதற்கு முன் மருத்துவரிடம் போனோம். அவர் எடை, காது, தொண்டை எல்லாம் பார்த்தார். பால் எதுக்களிக்கிறதா என்று கேட்டார். நோய் எதுவும் இல்லை. கெட்டி உணவு 6 மாதம் ஒட்டித்தான், அதுவும் தூக்கத்துக்காக அல்ல என்றார். அப்புறம் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, சிரித்தபடி ஒன்று சொன்னார்: “பழைய தூக்கம் திரும்பி வரும்னு காத்துட்டு இருக்கீங்க. அது வராது. அது முடிஞ்சுபோச்சு.”

அவர் சொன்னதன் பொருள் பிறகு படித்தபோதுதான் முழுதாகப் பிடிபட்டது. பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி, கை கால் அசைந்து, முகம் சுளித்து, முனகிக்கொண்டே தூங்கும் தூக்கம். கண் மூடியதும் நேராக அதற்குள்தான் போகும். 3, 4 மாதவாக்கில் இந்த அமைப்பே மாறுகிறது. ஆழ்ந்த தூக்கமும் லேசான தூக்கமும் தனித்தனிப் படிகளாகப் பிரிகின்றன. பெரியவர்களைப் போலவே முதலில் அமைதியான தூக்கத்தில் இறங்கி, சுற்றுச் சுற்றாகப் போய் வருகிறது. நமக்கு ஒரு சுற்று 90 நிமிடம்போல. குழந்தைக்கு 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு நொடி விழிப்பு தட்டும். நமக்கும் தட்டுகிறது. தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறோம், காலையில் நினைவுகூட இருக்காது. எங்கள் மகளோ அப்பாவின் தோளில் தூங்கிப்போனவள். 10:20க்கு ஒரு நொடி கண் திறந்து பார்த்தால் தோளும் இல்லை, ஆட்டமும் இல்லை, இருட்டில் கட்டிலின் கம்பி தெரிகிறது. யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள்.

இதைப் பின்னடைவு என்று சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்கவில்லை. பின்னால் போகவில்லை, மூளை முன்னால் போயிருக்கிறது. கஷ்டம் சில வாரத்தில் தணியும், ஆனால் மாற்றம் நிலையானது. நாங்கள் அந்த நிலையான மாற்றத்தைத் தற்காலிகம் என்று எண்ணிக் காத்திருந்தோம். கடன் விஷயத்தில் இதற்கு நேரெதிரான தவறைச் செய்யவிருந்தோம்.

கடிதம்

எங்கள் கடன் எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை. மீதி அசல் 1,00,000, மீதிக் காலம் 20 ஆண்டு என்று வைத்துச் சொல்கிறேன். அவரவர் தொகைக்குப் பெருக்கிக்கொள்ளலாம்.

அதுவரை 5 சதவீத நிலையான வட்டி. மாதத் தவணை 660. ஒன்றும் செய்யாமல் இருந்தால் கடன் தானாக மாறும் வட்டிக்குப் போய்விடும். அப்போதைய நிலவரப்படி அது 6.2 சதவீதம், தவணை 728. இல்லையென்றால் அதே 5 சதவீதத்தில் இன்னும் 5 ஆண்டுக்குப் பூட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் வங்கி எழுதியிருந்தது.

இதற்கிடையில் மனைவியின் சம்பள விடுப்பு முடிந்தது. அடுத்த 6 மாதம் சம்பளமில்லா விடுப்பு. 660 கட்டினால் வீட்டுச் செலவில் மாதம் 230 போலத் துண்டு விழும். கையிருப்பு இருந்தது. ஆனால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கையிருப்பைக் கரைக்க இருவருக்கும் மனம் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கடன் நிறுவனத்திலிருந்து ஒரு அழைப்பு. வட்டி 4.5 சதவீதம். தவணை 507. கைபேசியிலேயே எல்லாம் முடிந்துவிடும். 660 எங்கே, 507 எங்கே! மாதம் 153 மிச்சம், வட்டியும் குறைவு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. விண்ணப்பத்தை இரவு விழிப்புகளுக்கு நடுவே நிரப்ப ஆரம்பித்தேன். எப்படியும் விழித்துத்தானே இருக்கிறேன், நேரத்தை வீணாக்க வேண்டாமே என்று.

3:10

மகள் 3 மணிக்கு எழுந்தாள். மனைவியை எழுப்பாமல் நானே தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து சோபாவில் சாய்ந்தேன். அவள் என் மார்பில். வலது கையில் கைபேசி. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம் திறந்திருந்தது, ஓடிபி வந்திருந்தது. ஆறு இலக்கம் அடித்து ‘சம்மதம்’ என்பதை அழுத்தினால் முடிந்தது.

நான்கு இலக்கம் அடித்தது நினைவிருக்கிறது.

கைபேசி தரையில் விழுந்த சத்தத்தில் விழித்தேன். மகள் என் மார்பில் இல்லை. என் கைக்கும் சோபாவின் முதுகுத் திண்டுக்கும் நடுவே சரிந்து, திண்டைப் பார்த்தபடி கிடந்தாள். மூக்கு திண்டில் படுவதற்கு இரண்டு விரல் இடைவெளி. வாரி எடுத்தபோது அவள் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினாள். எனக்குக் கை நடுக்கம் நிற்க அரை மணி ஆனது.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். ஏனென்றால் சோபாவிலும் சாய்வு நாற்காலியிலும் குழந்தையோடு கண்ணயர்வது, குழந்தை தூங்கும் இடங்களிலேயே மிக ஆபத்தான ஒன்று. மல்லாந்து, தட்டையான கெட்டி மெத்தையில், தலையணையோ போர்வையோ இல்லாமல், பெற்றோர் படுக்கும் அதே அறையில் தனிப் படுக்கை என்பதைத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2022 வழிகாட்டுதலும் சொல்கிறது. எனக்கு இது தெரியாததல்ல. அச்சிட்ட தாளே குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்தது.

ஓடிபி காலாவதியாகியிருந்தது. கடன் விஷயத்தில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் காலாவதிதான், என் புத்தி இல்லை.

அந்த நாட்களில் யார் கேட்டாலும் “பழகிடுச்சு, அஞ்சு மணி நேரம் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்தப் பேச்சை நன்றாகவே உடைக்கிறது. இரண்டு வாரம் தொடர்ந்து இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு வரை தூங்காமல் இருந்தவர்களின் அளவுக்குச் சரிந்திருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், தாங்கள் சரிந்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. பணத்தைப் பற்றியும் ஒன்று உண்டு. 2011இல் வெளியான மூளைப் பட ஆய்வு ஒன்றில், இரவு முழுக்க விழித்திருந்த இளைஞர்கள் பெரிய லாபத்தின் பக்கம் சாய்ந்தார்கள், நஷ்டத்தைப் பற்றிய எச்சரிக்கை அவர்களிடம் மங்கியிருந்தது. 153 மிச்சம் என்பது எனக்குக் கொட்டை எழுத்தில் தெரிந்ததும், விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி கண்ணில் படாததும் அதனால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் படித்தபோது அந்த வரி அங்கேதான் இருந்தது.

காலையில் ஒரு கேள்வி

மறுநாள் சனிக்கிழமை. நடந்ததை மனைவியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு கைபேசியை வாங்கி விண்ணப்பத்தை முதலிலிருந்து படித்தாள். இரண்டே நிமிடத்தில், “என்னங்க, இதுல எத்தனை வருஷம்னு பாத்தீங்களா?” என்றாள்.

30 ஆண்டு. எங்களுக்கு மீதி இருந்தது 20.

காகிதத்தை எடுத்து உட்கார்ந்தோம். வட்டி மாறாமல் அப்படியே நிற்கும் என்று வைத்துக்கொண்டாலும், 5 சதவீதத்தில் 20 ஆண்டு கட்டினால் மொத்த வட்டி சுமார் 58,400. 4.5 சதவீதத்தில் 30 ஆண்டு கட்டினால் 82,400. வட்டி விகிதம் குறைகிறது, கட்டும் வட்டி 24,000 கூடுகிறது. கடைசித் தவணை கட்டும்போது மகளுக்கு 30 வயது தாண்டியிருக்கும். தவணை குறைந்ததற்குப் பெரிய காரணம் குறைந்த வட்டி அல்ல. அதே 4.5 சதவீதத்தில் 20 ஆண்டு என்றால் தவணை 633. ஆக, மிச்சம் என்று நான் கொண்டாடிய 153இல் வட்டிக் குறைப்பால் வந்தது 27தான். மீதி 126, பத்து ஆண்டைக் கூடுதலாக விற்று வாங்கியது.

சரி, 4.5 சதவீதத்தையே 20 ஆண்டுக்குக் கேட்டால் என்ன? அதையும் பார்த்தோம். மதிப்பீடு, சட்ட ஆய்வு, பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,200. மாதம் 27 வீதம் அதை மீட்க 44 மாதம் ஆகும். ஏழாம் பக்கத்தில் இருந்த அந்த வரி சொன்னது: 4.5 சதவீதம் முதல் 24 மாதத்துக்கு மட்டும், பிறகு மாறும் வட்டி. செலவை மீட்கவே 44 மாதம், உறுதியோ 24 மாதத்துக்குத்தான்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 30 ஆண்டுக் கடன் எல்லாருக்கும் தப்பில்லை. முன்கூட்டியே அடைக்க அபராதம் இல்லாத கடனாக இருந்து, தவணை 507 என்று இருந்தாலும் விடாமல் 660 கட்டி வந்தால், 4.5 சதவீதத்தில் அது 19 ஆண்டுக்குள்ளேயே தீர்ந்துவிடும். கையில் இருக்கும்போது அதிகம், இல்லாதபோது குறைவு என்று கட்டும் வசதியும் கிடைக்கும். அப்படிக் கட்டும் ஒழுக்கம் எங்களிடம் இருக்கிறதா என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்தோம். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓர் ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு நான்கு முறை போனவன் நான்.

ஆனால் அன்று காலை எங்களை உட்காரவைத்தது இந்தக் கணக்கு எதுவும் இல்லை. மனைவி எழுதிய ஒரு சின்னக் கழித்தல்தான். எங்கள் துண்டு 230. 30 ஆண்டுக் கடன் தரும் மிச்சம் 153. அதாவது, பத்து ஆண்டைக் கொடுத்தும் எங்கள் பிரச்சினை தீரவில்லை! அந்தப் பிரச்சினையின் ஆயுள் வெறும் 6 மாதம். அதற்கு 30 ஆண்டு மருந்து எடுக்கப் பார்த்தேன்.

திங்கட்கிழமை பகல் 11 மணிக்கு, இருவரும் ஓரளவு தூங்கி எழுந்த பிறகு, எங்கள் பழைய வங்கிக்குப் போன் செய்தோம். மூன்றே கேள்வி. வேறு இடத்தில் 4.5 தருகிறார்கள், நீங்கள் எவ்வளவு தருவீர்கள்? 6 மாதத்துக்கு வட்டி மட்டும் கட்டலாமா? அப்படிக் கட்டினால் கடன் வரலாற்றில் ஏதாவது பதிவாகுமா? இரண்டு நாளில் பதில் வந்தது. 5 ஆண்டுக்கு நிலையாக 4.7 சதவீதம், கட்டணம் இல்லை. மகப்பேறு விடுப்புக்கான கடிதம் கொடுத்தால் 6 மாதம் வட்டி மட்டும், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஏற்பாடு என்பதால் தவறிய தவணையாகப் பதிவாகாது. எல்லா வங்கியும் இப்படி இறங்கி வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்காமல் ஒருவரும் தரப்போவதில்லை. மூன்றாவது கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

இப்போது கணக்கு: 6 மாதம் 392 மட்டும். பழைய 660ஐவிட 268 குறைவு, துண்டு அடைந்து கொஞ்சம் மிஞ்சுகிறது. அதன் பிறகு 234 மாதத்துக்கு 653. இந்த 6 மாதச் சலுகைக்காக மொத்தத்தில் நாங்கள் கூடுதலாகக் கட்டப்போவது சுமார் 820. அதே 20 ஆண்டில் கடன் முடியும்.

இரவைப் பங்கு போட்டது

சோபா சம்பவத்துக்குப் பிறகு முதலில் மாற்றியது குழந்தையை அல்ல, எங்களை. இரவு 8:30இலிருந்து 1:30 வரை மனைவி வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். எடுத்து வைத்த பாலை நான் கொடுப்பேன். 1:30இலிருந்து 6:30 வரை நான் தூங்கும் முறை. இருவருக்கும் ஐந்து மணி நேரமாவது உடையாத தூக்கம். இதில் மனைவிக்கு மார்பு கட்டிக்கொண்டு முதல் நான்கு நாள் வலி, படுக்கும் முன் ஒருமுறை பால் எடுத்த பிறகுதான் சரியானது. ஒருவரையொருவர் பார்க்கவே முடியாத வாழ்க்கை, மறுக்கவில்லை. இரவு 9 மணிக்கு மேல் பணம் பற்றிப் பேசக் கூடாது என்றும் ஒரு சட்டம் போட்டோம். அதை நான் இரண்டு முறை மீறினேன்.

மகளுக்கு: படுக்கும் நேரத்தை 7:45க்கு முன்னால் கொண்டுவந்தோம். காலையில் எழுந்ததும் வெளிச்சம். பகலில் சுற்றிலும் வேடிக்கை பார்த்துக்கொண்டு அரைகுறையாகக் குடிக்கிறாள், அதை இரவில் ஈடுகட்டுகிறாள் என்று நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதனால் பகல் பாலை மங்கலான அறைக்கு மாற்றினோம். அப்புறம் முக்கியமானது, அரைத் தூக்கத்தில், கண் முழுதாக மூடும் முன் அவளுடைய கட்டிலிலேயே விடுவது. முதல் மூன்று இரவு தோல்வி. நான்காம் இரவு, விட்ட இடத்திலேயே தன் விரலைத் தேடிக் கண்டுபிடித்துச் சப்பிக்கொண்டு தூங்கினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், இருவரும் மூச்சே விடவில்லை.

முனகியதும் ஓடிப்போய்த் தூக்காமல் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பதும் பலன் தந்தது. பாதி நேரம் அவள் விழிக்கவே இல்லை, தூக்கத்திலேயே முனகியிருக்கிறாள். நாங்கள்தான் போய் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தோம். அழவிட்டுப் பழக்கும் முறையை நாங்கள் எடுக்கவில்லை. எடுப்பவர்களைக் குறை சொல்லவும் இல்லை. எங்கள் நெஞ்சுக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். மருத்துவர் அடுத்த முறை மனைவியிடம் 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல் அது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும் என்றார். மனைவியின் மதிப்பெண் கவலைப்படும் அளவில் இல்லை. என்னையும் அதே கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொன்னார். ‘காரணமில்லாமல் பதற்றம்’ என்ற கேள்விக்கு நான் வெகுநேரம் யோசித்தேன். 3:10 இன்னும் எனக்குள் இருந்தது. ஆறு வாரம் ஒரு ஆலோசகரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு

மூன்று வாரத்தில் இரவுக்கு ஏழு விழிப்பு, மூன்றானது. ஆறாம் மாதத்தில் இரண்டு. பூஜ்யம் ஆகவில்லை. ஆகாதது அதிசயமும் இல்லை. 2018இல் பெனஸ்திரி குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 6 மாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. ஓர் ஆண்டு நிறைந்தபோதும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். இதை முதலிலேயே படித்திருந்தால் நோட்டின் ஐந்தாவது பத்தியில் பாதிச் சண்டை குறைந்திருக்கும். எட்டாம் மாதத்தில் தவழத் தொடங்கியதும் மறுபடி ஒரு சுற்று குலைந்தது. இம்முறை நாங்கள் எதையும் மாற்றவில்லை, இரண்டு வாரத்தில் தானே அடங்கியது.

அந்தக் கடன் நிறுவனம் இன்னும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறது. ‘உங்கள் விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, ஒரே ஒரு படிதான் பாக்கி’ என்று.

மனைவி வேலைக்குத் திரும்பிய வாரத்தில் முதல் 653 கணக்கிலிருந்து போனது. அன்றிரவு மகள் 1:10க்கு ஒருமுறை, 4:40க்கு ஒருமுறை எழுந்தாள். நோட்டில் குறிக்கப் போனால், மூன்று நாளாக யாருமே எதுவும் எழுதியிருக்கவில்லை.